ரான் ஹோவர்டுக்கு ஸ்டைல் இல்லையாம்!

"நல்லா எடுப்பாருப்பா. ஆனா அவருக்குன்னு ஒரு ஸ்டைல் கிடையாது."

ரான் ஹோவர்ட் பேச்சு வந்தா யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாம விடறதில்லை. போன வாரம் நண்பர் ஒருத்தர் சொன்னார். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அங்கேயே கொஞ்சம் சத்தமாத்தான் பேசினேன். அப்பவும் மனசு ஆறல. அதான் இந்தப் பதிவு. நீளமாப் போகும், இப்பவே சொல்லிடறேன்.

யாருன்னு சட்டுனு ஞாபகம் வராதவங்களுக்கு: 'அப்போலோ 13' எடுத்தவர். 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' எடுத்து ஆஸ்கர் வாங்கினவர். 'டா வின்சி கோட்', 'ரஷ்', 'தர்டீன் லைவ்ஸ்' எல்லாம் அவரோடதுதான். நமக்கு அவர் டைரக்டர். ஆனா அமெரிக்காவுல ஒரு தலைமுறைக்கு அவர் டிவியில வளர்ந்த பையன். அவங்க வீட்டு ஹால்லயே கண்ணு முன்னாடி வளர்ந்த பையன்.

அவர் படங்களை வரிசையாப் போட்டுப் பார்த்தேன் ஒரு காலத்துல. கடற்கன்னி, வேற்றுக்கிரகவாசி, தீயணைப்புக்காரங்க, விண்வெளி, கணக்கு மேதை, கார் ரேஸ், குகை. ஒண்ணுக்கொண்ணு ஒட்டே இல்லை. கேமராவை எங்க வைக்கிறார், ஷாட்டை எங்க வெட்டறார்னு நோட்டுல எழுதி எழுதிப் பார்த்தேன். ஒண்ணும் பிடிபடல. சவுண்டை ஆஃப் பண்ணிட்டும் பார்த்தேன் (யாரோ ஒரு எடிட்டர் பேட்டியில சொன்ன டெக்னிக்). அதுவும் உதவல.

அப்புறம்தான் நோட்டை மூடி வச்சுட்டு, அவர் டைரக்ட் பண்ணினதை விட்டுட்டு, நடிச்சதுல இருந்து ஆரம்பிச்சேன். அங்கதான் பிடி கிடைச்சது.

1954ல ஓக்லஹோமாவுல டங்கன்ங்கிற ஊர்ல பிறந்தவர். அப்பா ரான்ஸ் ஹோவர்ட், அம்மா ஜீன், ரெண்டு பேருமே நடிகர்கள். பெரிய ஸ்டாரெல்லாம் இல்லை. அப்பா இங்க ஒரு சீன், அங்க ஒரு சீன்னு கிடைச்சதை நடிச்சுக் குடும்பத்தை ஓட்டினார். தம்பி கிளின்ட்டும் சின்ன வயசுலயே நடிக்க வந்துட்டான்.

1960ல 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' ஆரம்பிக்குது. மேபெரின்னு ஒரு கற்பனைச் சின்ன ஊரு. அங்க ஒரு ஷெரிஃப், மனைவியை இழந்தவர். அவரோட மகன் ஓப்பி. அந்த ஓப்பிதான் நம்ம ஆளு. ஆறு வயசுல ஆரம்பிச்சு 1968 வரைக்கும் எட்டு சீசன்.

டைட்டில்ல அப்பாவும் மகனும் தூண்டிலைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கரையில நடந்து வருவாங்க, பின்னாடி விசில் சத்தம். ஓப்பி ஒரு கல்லை எடுத்து ஏரியில எறிவான். தண்ணியில 'ப்ளக்'னு விழும். உண்மையில என்ன நடந்ததுன்னா, ஆறு வயசுப் பையன் கையில அவ்ளோ தூரம் எறியத் தெம்பு இல்லை. அதனால ப்ராப்பர்ட்டி ஆள் ஒருத்தர் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு, பையன் கையை வீசற அதே நேரத்துல இன்னொரு கல்லை எறிஞ்சார். ஹோவர்ட் இதைப் பேட்டிகள்ல சிரிச்சுக்கிட்டே சொல்வார். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தகவல். திரையில ஒருத்தர் எறியற கல்லுக்குப் பின்னாடி முகம் தெரியாத ஒருத்தர் நிக்கிறார்ங்கிறதை ஆறு வயசுல பார்த்தவர் அவர். இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இன்னொண்ணு. அந்தக் காலத்து அமெரிக்க டிவி காமெடியில குழந்தைங்கன்னா பெரியவங்களைக் கிண்டலடிச்சு வாயாடறதுதான் வேலை. ஓப்பியையும் அப்படித்தான் எழுத ஆரம்பிச்சிருக்காங்க. ரான்ஸ் ஹோவர்ட், அதாவது பையனோட நிஜ அப்பா, ஆண்டி கிரிஃபித்கிட்டப் போய், இந்தப் பையன் அவன் அப்பாவை நிஜமாவே மதிக்கிறவனா இருந்தா என்னன்னு கேட்டிருக்கார். யோசிச்சுப் பாருங்க. ஷோ கிரிஃபித்தோடது, பேரே அவர் பேரு. கேக்கறது ஒரு குழந்தை நட்சத்திரத்தைக் கூட்டிட்டு வந்த அப்பா, தனக்கே சரியா வாய்ப்பு இல்லாத நடிகர். கிரிஃபித் அதைக் காது கொடுத்துக் கேட்டார். மொத்தத் தொடரோட உயிரே அந்த அப்பா மகன் உறவுதான்னு ஆச்சு.

1963ல வந்த 'ஓப்பி தி பேர்ட்மேன்'னு ஒரு எபிசோடு இருக்கு. ஓப்பி உண்டிவில்லை வச்சு விளையாடறப்ப கல்லு ஒரு தாய்ப் பறவை மேல பட்டுடும். ஓடிப்போய்க் கையில எடுத்து, பறந்து போயிடுன்னு கெஞ்சுவான். மேல தூக்கி விடுவான். அது தொப்புனு கீழ விழும். அப்பாவுக்கு விஷயம் தெரிய வரும். அடிக்க மாட்டார். பையனோட ரூம் ஜன்னலைத் திறந்து விட்டுட்டு, வெளிய அந்தக் குஞ்சுங்க அம்மாவைத் தேடிக் கத்தற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருன்னு சொல்லிட்டுப் போயிடுவார். மறுநாள் பையன் அந்த மூணு குஞ்சையும் தானே வளர்க்க ஆரம்பிப்பான். ஒன்பது வயசுப் பையனோட முகத்துல அந்த எபிசோடு முழுக்க ஒரு பொய் இல்லை. நான் இதைப் பார்த்து அழுதேன், சொல்றதுக்கு என்ன.

சரி, நான் சொல்ல வந்த சம்பவத்துக்கு வரேன்.

பையனுக்கு ஏழு வயசு இருக்கும். ஒரு சீன்ல அவனுக்கு ஒரு வசனம். ஒரு குழந்தை இதை இப்படிச் சொல்லாதுன்னு பையன் சொல்றான். டைரக்டர், அப்ப எப்படிச் சொல்லும்னு கேக்கறார். பையன் சொல்லிக் காட்டறான். சரி, அப்படியே சொல்லுன்னுட்டார். பையன் அதே இடத்துல வாயெல்லாம் பல்லா நிக்கிறான். ஏண்டா இளிக்கிறேன்னு கிரிஃபித் கேக்கறார். நான் சொன்ன யோசனையை இன்னிக்குத்தான் முதல் தடவையா எடுத்துக்கிட்டீங்கன்னு பையன் சொல்றான். அதுக்குக் கிரிஃபித், நீ சொன்னதுல இதுதாண்டா உருப்படியான முதல் யோசனைன்னு சொல்லிட்டு ஷாட்டுக்குப் போயிட்டார்.

இந்தச் சம்பவத்தை ஹோவர்ட் எத்தனையோ பேட்டியில சொல்லியிருக்கார். எனக்கு அதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, அதுவரைக்கும் பையன் சொன்னதை எல்லாம் அவங்க கேட்டிருக்காங்க, நல்லா இல்லைன்னு தள்ளியிருக்காங்க. சின்னப் பையன்தானேன்னு ஏமாத்து வேலையா ஒண்ணையும் ஏத்துக்கல. ரெண்டு, நல்ல யோசனை வந்தப்ப அது யார் வாயில இருந்து வந்ததுன்னு பார்க்கல.

ரான் ஹோவர்டோட ஸ்டைல் எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். நாலு பேர் சேர்ந்து உக்காந்து ஒரு கஷ்டத்தை அவிழ்க்கிறாங்க. யோசனை எந்த மூலையில இருந்து வேணா வரும். அதைக் காது கொடுத்துக் கேக்கற ஒருத்தர் நடுவுல இருக்கார். செட்ல அவர் அப்படித்தான் வேலை வாங்கறார், அவரோட நல்ல படங்கள் எல்லாத்துலயும் கதையும் அதுதான். கேமரா கோணத்துல தேடினா கிடைக்காது.

1973ல ஜார்ஜ் லூகாஸோட 'அமெரிக்கன் கிராஃபிட்டி'. (ஆமா, 'ஸ்டார் வார்ஸ்' லூகாஸ்தான், அதுக்கு முன்னாடி.) 1974ல 'ஹேப்பி டேஸ்' தொடர். அதுல ரிச்சி கன்னிங்ஹாம், பக்கத்து வீட்டு நல்ல பையன். கதாநாயகனே அவர்தான். ஆனா துணைப் பாத்திரமா வந்த ஃபான்ஸி, தோல் ஜாக்கெட் போட்ட ஹென்றி விங்க்லர், நாட்டையே கலக்கிட்டார். எங்க பார்த்தாலும் ஃபான்ஸி. சேனல்காரங்க தொடரோட பேரையே 'ஃபான்ஸிஸ் ஹேப்பி டேஸ்'னு மாத்திடலாமான்னு கேக்கற அளவுக்குப் போச்சு. அப்படின்னா நான் வரல, காலேஜுக்கே திரும்பிப் போயிடறேன்னு ஹோவர்ட் சொல்லிட்டார். பேரு மாறல.

இதுல அவருக்குக் கோபம் சேனல் மேல மட்டும்தான். விங்க்லர் மேல இல்லை. ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் உயிர் நண்பர்கள். ஹோவர்டோட மூத்த பொண்ணு பிரைஸுக்கு ஞானத்தந்தையே விங்க்லர்தான். தன்னோட தொடர்ல தன்னைத் தாண்டிப் போன ஆளோட ஒருத்தர் இப்படி இருக்கிறது சாதாரண விஷயமா, சொல்லுங்க?

ஆனா மனசு பூரா டைரக்ஷன்லதான். யாரும் கொடுக்கத் தயாரா இல்லை. டிவியில புகழோட இருக்கிற பையன், நடிச்சுட்டுப் போ, உனக்கெதுக்கு இதெல்லாம்!

அப்பதான் ரோஜர் கார்மன் வர்றார். சின்ன பட்ஜெட் படங்களோட மன்னன். கொப்போலா, ஸ்கார்சேஸி எல்லாம் அவர் கடையில கை பழகினவங்கதான். கறார்னா அப்படி ஒரு கறார். பேரம் இப்படிப் போச்சு: 1976ல 'ஈட் மை டஸ்ட்'னு ஒரு கார் துரத்தல் படம், அதுல ஹோவர்ட் ஹீரோவா நடிக்கணும். அது ஓடினா டைரக்ட் பண்றதைப் பத்திப் பேசலாம். படம் ஓடிச்சு. ஹோவர்ட் கதைகளைத் தூக்கிக்கிட்டுப் போனார். கார்மன் எதையும் ஒத்துக்கல. கடைசியில, மக்கள்கிட்டத் தலைப்புகளைக் கொடுத்துக் கருத்துக் கேட்டப்ப நல்ல வரவேற்பு வாங்கின இன்னொரு தலைப்பு கையில இருக்கு, கார் இடிக்கிற கதையா ஒண்ணு எழுது, நீயே நடி, டைரக்ட் பண்ணிக்கோன்னார்.

அந்தத் தலைப்புதான் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'. (வீடியோ கேம் இல்லைங்க! அது 20 வருஷம் கழிச்சு 1997ல வந்தது.)

தலைப்புக்குக் கதை. அதையும் அப்பாவும் பிள்ளையும் உக்காந்து எழுதினாங்க. சுமார் 6 லட்சம் டாலர் பட்ஜெட். 1977ல ரிலீஸ் ஆகறப்ப ஹோவர்டுக்கு வயசு 23. எடிட்டிங் ஜோ டான்டே, பின்னாடி 'கிரெம்லின்ஸ்' எடுத்தவர். ஷூட்டிங்ல கூட்டக் காட்சிக்கு இன்னும் கொஞ்சம் துணை நடிகர்கள் வேணும்னு ஹோவர்ட் கேட்டிருக்கார். கார்மன் மசியல. இந்தப் படத்தை நீ ஒழுங்கா முடிச்சுக் கொடுத்தா, ஜென்மத்துக்கும் திரும்ப என்கிட்ட வேலை பார்க்க வேண்டிய அவசியமே உனக்கு இருக்காதுன்னு மட்டும் சொன்னாராம். அதே போல ஆச்சு. படம் போட்ட காசைப் போல பல மடங்கு எடுத்துச்சு, ஹோவர்ட் கார்மன்கிட்டத் திரும்பவே இல்லை. ஆனா 'அப்போலோ 13'ல கார்மனைக் கூப்பிட்டு ஒரு சின்ன வேஷம் கொடுத்தார். எம்.பி.யா வருவார். எதுக்கு இந்த விண்வெளித் திட்டத்துக்கு இவ்வளவு காசு போடணும்னு கேள்வி கேட்பார்! அந்த சீனுக்கு நான் கை தட்டியே இருக்கேன்.

1980ல 'ஸ்கைவர்ட்'னு ஒரு டிவி படம். சக்கர நாற்காலியில இருக்கிற பொண்ணு விமானம் ஓட்டக் கத்துக்கிற கதை. நடிக்க வந்தது பெட் டேவிஸ். ஹாலிவுட்டையே நடுங்க வச்ச அம்மா, வயசு எழுபதுக்கு மேல. டைரக்டருக்கு இருபத்தாறு, அதுவும் டிவி காமெடியில வர்ற பையன். அந்தம்மாவுக்குச் சுத்தமாப் பிடிக்கல. ஃபோன்ல 'மிஸ்டர் ஹோவர்ட்'னே பேசியிருக்காங்க. சும்மா ரான்னு கூப்பிடுங்கன்னு இவர் சொல்ல, உங்களைப் பிடிக்குதா இல்லையான்னு நான் முடிவு பண்றவரைக்கும் நீங்க மிஸ்டர் ஹோவர்ட்தான்னுட்டாங்க. முதல் நாள் ஷூட்டிங். எல்லார் முன்னாடியும் கொஞ்சம் அதட்டிப் பார்த்திருக்காங்க. இவர் குரலை உசத்தல, பின்வாங்கவும் இல்லை. ஒரு இடத்துல நடிப்புல சின்ன மாற்றம் ஒண்ணு சொன்னார். அவங்க செஞ்சு பார்த்தாங்க. நல்லா வந்தது. சாயங்காலம் கிளம்பறப்ப, "சரி ரான், நாளைக்குப் பார்க்கலாம்"னு சொல்லிட்டு, அவர் பின்பக்கம் ஒரு தட்டு தட்டிட்டுப் போனாங்களாம்.

பாருங்க, இங்கயும் அதேதான். யோசனை நல்லா இருந்தா எடுத்துக்கிறது. சொல்றவன் சின்னவனா இருந்தாலும்.

அந்த வருஷமே 'ஹேப்பி டேஸ்'ல இருந்து வெளிய வந்துட்டார். நல்ல சம்பளம், நாடே தெரிஞ்ச முகம், எல்லாத்தையும் விட்டுட்டு.

1982ல 'நைட் ஷிஃப்ட்'. ஹென்றி விங்க்லரை ஹீரோவாப் போட்டார். ஃபான்ஸியாவா? இல்லவே இல்லை. பிணவறையில ராத்திரி வேலை பார்க்கிற, வாயே திறக்காத, பயந்தாங்கொள்ளி வேஷம். அதிரடி வேஷம் புதுசா வந்த மைக்கேல் கீட்டனுக்கு. நாடே ஃபான்ஸியைக் கேட்டுக்கிட்டிருந்த நேரத்துல நண்பனுக்குள்ள இருந்த அமைதியான நடிகனை வெளிய கொண்டு வந்தார். சேர்ந்து வருஷக்கணக்கா நடிச்சவருக்குத்தான் அது தெரியும். தயாரிச்சது பிரையன் கிரேஸர். அந்தக் கூட்டுதான் பின்னாடி இமேஜின் நிறுவனமா ஆச்சு, இன்னிக்கும் ஓடுது.

1984ல 'ஸ்பிளாஷ்'. டிஸ்னி பெரியவங்களுக்குன்னு ஆரம்பிச்ச டச்ஸ்டோன் பேர்ல வந்த முதல் படம். கடற்கன்னி டேரில் ஹானா, காதலன் டாம் ஹாங்ஸ். ஹாங்ஸும் அப்ப டிவி நடிகர்தான், பெரிசா யாருக்கும் தெரியாது. எல்லாரும் உக்காந்து ஸ்கிரிப்ட் வாசிக்கிற அன்னிக்கு ஹாங்ஸ் வரிக்கு வரி சிரிக்க வைக்கப் பார்த்திருக்கார். ஹோவர்ட் அவரைத் தனியாக் கூப்பிட்டு, உன் வேலை சிரிக்க வைக்கிறது இல்லை, அந்தப் பொண்ணைக் காதலிக்கிறது, அதை மட்டும் செய்னு சொன்னாராம். இதை ஹாங்ஸே சொல்லியிருக்கார். டிவி காமெடியில ஒவ்வொரு வரிக்கும் சிரிப்பு வாங்கணும்ங்கிற அவஸ்தையை ஹோவர்டும் அனுபவிச்சிருக்கார் இல்லையா. அதனாலதான் அது கண்ணுல பட்டுது. தனியாக் கூப்பிட்டார் பாருங்க, அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

1985ல 'கோகூன்'. வயசானவங்க கூட்டம் கூட்டமா நடிச்ச படம். டான் அமீச்சி அதுக்கு ஆஸ்கர் வாங்கினார், எழுபது வயசுக்கு மேல. டைரக்டர் முப்பதைத் தாண்டி ஒரு வருஷம்.

இனி 'அப்போலோ 13' (1995). இதுக்குத்தான் இவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருந்தேன்.

கதை எல்லாருக்கும் தெரியும். 1970 ஏப்ரல், நிலாவுக்குப் போற வழியில ஆக்சிஜன் தொட்டி வெடிச்சுடுது. மூணு பேர் உயிரோட திரும்பணும். எடையில்லாம மிதக்கிற காட்சிகளைக் கயிறு கட்டி எடுக்கல. நாசா பயிற்சிக்கு வச்சிருந்த கேசி-135 விமானத்துக்குள்ள விண்கலத்தோட செட்டைப் போட்டாங்க. விமானம் மூக்கைத் தூக்கிக்கிட்டுச் சாய்வா ஏறி, மேல ஒரு வளைவு அடிச்சு, சர்ருனு இறங்கும். அந்த வளைவுல கிடைக்கிறது இருபத்தஞ்சு நொடிக்குள்ள. அதுக்குள்ள ஆக்‌ஷன், வசனம், கட். மறுபடி ஏறு. 600 தடவைக்கு மேல இப்படி. எல்லாத்தையும் கூட்டினாலும் மிதந்த நேரம் நாலு மணி நேரம்கூட வரல. நடிகர்கள், கேமராக்காரங்க, டைரக்டர் எல்லாரும் உள்ளதான். (அந்த விமானத்துக்கு 'வாந்தி வால்நட்சத்திரம்'னு பட்டப்பேரே உண்டு.)

ஆனா எனக்கு அந்தப் படத்துல பெரிய காட்சி விண்வெளியில இல்லை. பூமியில, ஒரு ரூம்ல, ஒரு மேஜை மேல.

கலத்துக்குள்ள கரியமில வாயு ஏறிக்கிட்டே போகுது. அதை உறிஞ்சற டப்பா ஒரு கலத்துல சதுரம், இன்னொரு கலத்துல வட்டம். வட்டத்துல சதுரம் போகாது. ஒரு பொறியாளர் அட்டைப்பெட்டியைக் கொண்டாந்து மேஜை மேல கொட்டறார். குழாய், பிளாஸ்டிக் பை, டேப், புத்தக அட்டை. மேல இருக்கறவங்ககிட்ட இருக்கிற சாமான் இவ்வளவுதான், இதை வச்சே இதை அதுல பொருத்தணும். அவ்வளவுதான் பேச்சு. ஒருத்தரும் உரை நிகழ்த்தல. அங்கங்க கை நீளுது, யாரோ ஒருத்தர் காபி போடச் சொல்றார். அதுல எந்த நடிகரோட பேரும் நமக்கு ஞாபகம் இருக்காது. மூணு பேர் உயிரைக் காப்பாத்தினது அந்த மேஜை.

மரத்துக்குப் பின்னாடி நின்னு கல்லெறிஞ்ச ஆளை ஞாபகம் வச்சுக்கங்கன்னு சொன்னேனே. இவங்கதான் அவங்க. இந்த மேஜையை இவ்வளவு மரியாதையோட எடுக்கணும்னா செட்லயே பிறந்து வளர்ந்த ஒருத்தரால மட்டும்தான் முடியும்னு நான் நம்பறேன்.

குடும்பமும் படத்துல இருக்கு. தம்பி கிளின்ட், மூக்குக் கண்ணாடி போட்ட கட்டுப்பாட்டு அறை ஆளு, சை லீபர்காட். எரிபொருள் கலன் வால்வை மூடணும்னு சொல்றது அவர்தான். மூடினா நிலா கனவு அதோட போச்சு. அந்த வார்த்தையைச் சொல்ல அவர் திணறற அந்த முகத்தைப் பாருங்க. அப்பா ரான்ஸ் பாதிரியாரா வருவார். அம்மா ஜீன், விண்வெளி வீரர் லவலோட வயசான அம்மா. ஆறுதல் சொல்ல வந்து உக்காந்திருக்கிற நீல் ஆம்ஸ்ட்ராங்கையும் பஸ் ஆல்ட்ரினையும் பார்த்து, நீங்களும் இந்த விண்வெளி வேலையிலதான் இருக்கீங்களா தம்பிங்களான்னு வெள்ளந்தியாக் கேட்பாங்க. பிள்ளைங்களை வளர்க்கிறதுக்காக நடிப்பை ஓரங்கட்டி வச்ச அம்மா. மகன் படத்துல அரங்கத்தையே சிரிக்க வச்சுட்டுப் போனாங்க.

முன்னோட்டக் காட்சியில ஒருத்தர் கருத்துச் சீட்டுல, ஹாலிவுட் முடிவு, நிஜத்துல இவங்க பிழைச்சிருக்கவே மாட்டாங்கன்னு எழுதியிருந்தாராம்! நடந்த கதைன்னே அவருக்குத் தெரியல. அதைவிட ஒரு பாராட்டு உண்டா.

டைரக்டர்கள் சங்கம் அந்த வருஷம் அவருக்குத்தான் விருது கொடுத்துச்சு. ஆஸ்கர்ல படத்துக்கு ஒன்பது பரிந்துரை, டைரக்டர் பட்டியல்ல மட்டும் அவர் பேரு இல்லை. எனக்கு இன்னிக்கும் அது வயித்தெரிச்சல்தான்.

2002 மார்ச்ல 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்துக்கு அந்த டைரக்டர் ஆஸ்கர் கிடைச்சது. கணித மேதை ஜான் நாஷோட நோய் ஏற ஏற ரஸல் குரோ மாறணும்ங்கிறதுக்காகக் கதை வரிசையிலயே ஷூட்டிங் வச்சார். தயாரிப்பு ஆளுங்களுக்கு அது செலவும் தலைவலியும், நடிகருக்கு வரம். மேடையேறினதும், இந்த நிமிஷத்தை மனசுக்குள்ள ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கலைன்னு உங்களை நம்ப வைக்கிற அளவுக்கு நான் இப்ப நல்ல நடிகன் இல்லைன்னார். அம்மா போய் ஒண்ணரை வருஷம் ஆகியிருந்தது. இந்த வருஷம் உனக்குத்தான்னு அவங்க சொல்லியிருந்தாங்களாம், ஆனா வருஷா வருஷமும் அதையேதான் சொல்லிட்டிருந்தாங்களாம்.

எல்லாப் படமும் நல்லா இருக்குன்னு நான் சொல்ல வரல. 'டா வின்சி கோட்', 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்', 'இன்ஃபெர்னோ' மூணும் எனக்கு ஓட்டமும் விளக்கமுமாத்தான் படுது. அதுல ஒரே ஒரு ஆளுக்கு எல்லாம் தெரியும், மத்தவங்க கேட்டுக்கிட்டே பின்னாடி ஓடறாங்க. மேஜையே இல்லை. 'ஹில்பில்லி எலெஜி'யும் எனக்கு ஒட்டல. 2018ல வந்த 'சோலோ' ஸ்டார் வார்ஸ் படத்துக்குப் பாதியில ரெண்டு டைரக்டர்களை எடுத்துட்டு இவரைக் கூப்பிட்டாங்க. போய் முடிச்சுக் கொடுத்தார். ஓடல. அவ்வளவுதான் அதைப் பத்தி.

'ரஷ்' (2013) வேற. 1976 ஃபார்முலா 1 போட்டி, ஜேம்ஸ் ஹண்ட், நிக்கி லவுடா. ரெண்டு பேருமே சரி, ரெண்டு பேருமே எரிச்சல் மூட்டறவங்க. யார் பக்கமும் சாயாம எடுத்திருப்பார். கார்ன்னா என்னன்னே தெரியாத எங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து பார்த்தோம்.

அப்புறம் 'தர்டீன் லைவ்ஸ்' (2022). 2018ல தாய்லாந்துல தாம் லுவாங் குகைக்குள்ள பன்னிரண்டு பசங்களும் அவங்க கோச்சும் வெள்ளத்துல மாட்டிக்கிட்டதை நாம எல்லாரும் செய்தியில மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தோமே, அந்தக் கதை. நியாயமா எனக்கு ஒரு பயம் இருந்தது. வெள்ளைக்காரன் வந்து காப்பாத்திட்டான்னு எடுத்து வச்சிருப்பாங்களோன்னு. பிரிட்டிஷ் டைவர்கள்தான் குகைக்குள்ள போய்ப் பசங்களைக் கண்டுபிடிச்சாங்க, அது உண்மை. படமும் அதைச் சொல்லுது. ஆனா கேமரா அடிக்கடி மலை மேல ஏறிடுது. மழைத்தண்ணி குகைக்குள்ள இறங்காம இருக்க, மலை மேலயே ஓட்டையை அடைச்சுத் தண்ணியைத் திருப்பி விடற ஊர்க்காரங்க. திருப்பின தண்ணி எங்க போகும்? கீழ இருக்கிற வயலுக்குள்ள. பயிர் நாசமாயிடும், சரியான்னு விவசாயிங்ககிட்டக் கேக்கற ஒரு காட்சி வரும். பசங்களுக்காகன்னு தெரிஞ்சதும் சரின்னு தலையாட்டிடறாங்க. ஒரு நிமிஷம்கூட வராத காட்சி. நாலு நாளைக்கு என்னை விடல அது. உயிரை விட்ட தாய்லாந்து முன்னாள் கடற்படை வீரர் சமன் குனானையும் படம் ஒரு வரியில கடந்து போகல. ஒளிப்பதிவுக்கும் தாய்லாந்துக்காரரான சயோம்பு முக்தீப்ரோமையே வச்சுக்கிட்டார். அந்த மண்ணு, அந்த ஈரம், அந்தக் கோயில் எப்படி இருக்கும்னு தெரிஞ்ச கண்ணு வேணும்ல.

அதே மேஜைதான். 27 வருஷம் கழிச்சு, மலையளவுக்குப் பெரிசா.

இப்ப கடைசியா ஒரு சந்தோஷமான விஷயம். 2025ல 'தி ஸ்டுடியோ'ன்னு ஒரு காமெடித் தொடர் வந்தது. அதுல ஒரு எபிசோடுல ரான் ஹோவர்ட் ரான் ஹோவர்டாவே வர்றார். அவர் எடுத்த படத்தோட கடைசிப் பகுதி சவ்வா இழுக்குது, இவ்வளவு நல்ல மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஸ்டுடியோ மொத்தமும் தவிக்குது. கடைசியில விஷயம் அவர் காதுக்குப் போனதும் மனுஷன் எரிமலையா வெடிக்கிறார். காலம் பூரா நல்ல பையனாவே பார்த்த முகத்துல அந்தக் கோபத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சேன். அதுக்குத்தான் நடிப்புக்கான முதல் எம்மி பரிந்துரை கிடைச்சது அவருக்கு. 71 வயசுல! ஓப்பிக்கும் கிடைக்கல, ரிச்சிக்கும் கிடைக்கல.

பொண்ணு பிரைஸ் டாலஸ் ஹோவர்டும் நடிச்சுக்கிட்டே டைரக்ஷனுக்கு வந்தாச்சு. 'தி மாண்டலோரியன்'ல அவங்க எடுத்த எபிசோடுகளைப் பார்த்திருப்பீங்க. அதைப் பத்தித் தனியா எழுதணும், இதுலயே சேர்த்தா பாவம் நீங்க.

பார்க்க ஆரம்பிக்கறவங்களுக்கு என் சிபாரிசு: முதல்ல 'ஓப்பி தி பேர்ட்மேன்', அரைமணி நேரம்தான். அடுத்து 'ஸ்பிளாஷ்', அப்புறம் 'அப்போலோ 13'. எங்க அக்கா பசங்களுக்கு முதல்ல அவரோட 'வில்லோ' போட்டுக் காமிச்சேன், பாதியிலயே எழுந்து போயிட்டாங்க. 'அப்போலோ 13' போட்டப்ப அந்த மேஜை சீன்ல சாப்பாட்டுத் தட்டைக் கீழ வச்சுட்டுப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் 'தர்டீன் லைவ்ஸ்'. சப்டைட்டிலை மறக்காம ஆன் பண்ணிக்கங்க, நிறைய வசனம் தாய்லாந்து மொழியிலதான் வரும்.